ரிப்போர்ட் பெட்டி

மோசஸ் சார் அந்தக் கேள்வியை மூன்றாவது தடவையாக வாய்விட்டுப் படித்தார். நான் கூடத்து நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றிவிட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மணி இரண்டாகப் பத்து நிமிஷம். கடைசியாக இருந்த புருஷன் பெண்டாட்டியும் மாத்திரைப் பையோடு போய்விட்டார்கள், டாக்டரம்மா மாடிக்குச் சாப்பிடப் போய்விட்டார், இனி நாலு மணிவரைக்கும் இந்தக் கூடம் என்னுடையது என்று தினமும் நினைத்துக்கொள்வேன், மூன்று மணிக்கு அங்கன்வாடிக்கு ஓடி தர்ணிகாவைக் கூட்டிப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வருகிற நேரம் போக. ஆனால் ஒன்பது நாளாக இந்த நேரத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற மோசஸ் சார் வந்து ரிசப்ஷன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுகிறார். எங்கள் ஆஸ்பத்திரி குழந்தை தங்காதவர்களுக்கு வைத்தியம் பார்க்கிற ஆஸ்பத்திரி. ஊசி போட வேண்டிய நாள், ரத்தத்தில் என்ன வந்தது, எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும், எல்லாம் கம்ப்யூட்டரே மெயிலாக அனுப்பிவிடும். ஒன்பது நாளாக ஒன்றும் போய்ச் சேரவில்லை. எல்லார் போனிலும் இருக்கிற அந்தப் பெரிய மெயில் கம்பெனி எங்கள் சர்வரைக் கருப்புப் பட்டியலில் ஏற்றிவிட்டதாம், அனுப்புகிறதை எல்லாம் வாசலோடு திருப்பிவிடுகிறதாம். சர்வரைத் தடுத்துவிட்டார்கள் என்று முதல்நாள் கேட்டதும் எனக்கு என் வீட்டுக்காரர் ஞாபகம்தான் வந்தது, அவர் பஸ் ஸ்டாண்டு மெஸ்ஸில் சர்வர், யார் தடுத்தார்கள், எதற்கு என்று துடைப்பத்தோடு நின்றேன், அப்புறம்தான் அது அறைக்குள் பச்சை விளக்கோடு இரைகிற ஒரு பெட்டி என்று தெரிந்தது. நல்லவேளை அன்று நான் வாய் திறக்கவில்லை. வாய் திறக்காததால் தப்பித்த நாட்களை எண்ணினால் நிறைய வரும், தப்பிக்காத நாட்களை எண்ணுவதில்லை. "ஏன் இத்தனை பேர் உங்க மேல புகார் செஞ்சாங்க, அதைச் சரி பண்ண என்ன செஞ்சீங்க. மெயில் கம்பெனி கேக்கற கேள்வி இதாங்க மேடம். நூத்தி முப்பத்தேழு பேர் நம்ம மெயில ரிப்போர்ட் பண்ணியிருக்காங்க." நூற்று முப்பத்தேழா என்று எனக்குள் ஒன்று துள்ளியது. எனக்குத் தெரிந்து அறுபது எழுபது பேர்தான், இத்தனை பேருக்கா போயிருக்கிறது, ஒருத்தி ஒருத்தியாகச் சொல்லி நூற்று முப்பத்தேழு பேர் ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அப்படித்தான் நினைத்தேன், ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் சந்தோஷமாகக்கூட இருந்தது. "ரிப்போர்ட்டுன்னா?" என்று பக்கத்தில் இருந்த மேனேஜர் விசாலம் மேடம் கேட்டார், அவருக்குத் தெரியும், எரிச்சலில் கேட்டார். "புகாருங்க மேடம். இது குப்பை, இவங்கள உள்ள விடாதீங்கன்னு கம்பெனிக்குச் சொல்றது. போலீஸ்ல ரிப்போர்ட் குடுக்கறோமே, அந்த ரிப்போர்ட்." மாப்புத் துணி என் கையில் அப்படியே நின்றது. தண்ணீர் கணுக்கால் பக்கம் ஓடி வந்து கொலுசுக்குள் போனது.

ரிப்போர்ட் என்றால் உறை. வெள்ளை உறை, மேலே பெரிதாக ஆர் ஈ பி ஓ ஆர் டி. லேபில் இருந்து ஓ.பி.க்கும் ஓ.பி.யில் இருந்து மாடிக்கும் ஒரு நாளைக்கு நாற்பது உறை தூக்குகிறேன், எட்டாவதோடு நின்றவள், இங்கிலீஷில் எழுத்துக்கூட்டத்தான் வரும், ஆனால் அந்த ஒரு வார்த்தையைக் கண்ணை மூடிக்கொண்டு படிப்பேன். ரிப்போர்ட் வந்துருச்சா, ரிப்போர்ட் நல்லாருக்கா, ரிப்போர்ட்ட யாருக்கும் காட்டாதீங்க. இந்தக் கட்டடத்தில் அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் யாரும் சொல்லிக் கேட்டதில்லை, போலீஸ் ஞாபகம் எதற்கு வரப்போகிறது. எட்டு மாதம் இருக்கும், கலைமணி அக்கா ஸ்கேன் ரூமுக்குப் பின்னால் பாத்ரூம் போகிற வழியில் கீழே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது. சித்தோட்டுக்காரி, வீட்டிலேயே நாலு தறி, முப்பத்தொரு வயசு, புருஷனும் பெண்டாட்டியும் நூல் வாங்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் ஒவ்வொரு தடவையும் வருவார்கள், மாமியாருக்குத் தெரியாது. முந்தினநாள் சோறு தின்கிற நேரத்தில் போன் கிணிங் என்றதாம், நாத்தனார் எடுத்து எங்கள் ஆஸ்பத்திரிப் பேரை முழுசாக வாசித்துவிட்டாளாம், குழந்தையின்மைச் சிகிச்சை மையம் என்று. ஏதோ விளம்பரம் என்று சொல்லிச் சமாளித்ததாம், இன்னொரு தடவை வந்தால் என்ன சொல்லுவேன், வராமலே இருந்தால் ஊசி எப்போது என்று எப்படித் தெரியும், என்று என்னிடம் கேட்கவில்லை, சுவரிடம் கேட்டது. நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் போனை வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்று இப்போதும் தெரியவில்லை, யாருடைய பொருளையும் நான் கேட்டு வாங்குகிறவள் இல்லை. மெயிலைத் திறந்து ஓரத்தில் இருந்த மூன்று புள்ளியைத் தொட்டதும் ஒரு பட்டியல் விழுந்தது, எல்லாம் தெரியாத வார்த்தை, நடுவில் ஒன்று மட்டும் எனக்குத் தெரிந்த வார்த்தை. ரிப்போர்ட். பக்கத்தில் எஸ் பி ஏ எம். ஸ்பேம். எம்மில் முடிகிற ரூம், ஐட்டம் மாதிரி ஏதோ, ரிப்போர்ட் வைக்கிற இடம் போலிருக்கிறது, ஆஸ்பத்திரி மெயில் ஆனதால் தனியாக ஒரு இடம் கொடுத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. அமுக்கினேன். மெயில் காணாமல் போய்விட்டது. ஊசி தேதி போச்சே என்று அக்கா என் முழங்கையைப் பிடித்தது, அப்புறம் தேடித் தேடி அதே பேரில் ஒரு பெட்டியைக் கண்டுபிடித்தோம், உள்ளே அந்த மெயில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. அதற்கடுத்து ஆஸ்பத்திரியில் இருந்து வந்த மெயில் ஒன்றுக்கும் மணி அடிக்கவில்லை, மேலே பேர் வரவில்லை, நேராக அந்தப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்தது. வேணுங்கிறபோது போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அக்கா அடுத்த தடவை வந்தபோது ஒரு பொட்டலம் முறுக்கு கொண்டுவந்து கொடுத்தது.

அப்புறம் அதுவாகப் பரவிவிட்டது. நான் யாரையும் கூப்பிட்டுச் சொன்னதில்லை, அவர்களே வந்தார்கள், தண்ணீர்க் குழாய் பக்கம், மாடிப்படிக்கடியில், அந்த ரிப்போர்ட் பெட்டி எப்படி மைனா போடறது. மைனாவதி என்று பேர் வைத்தது எங்கப்பா, முழுப்பேரும் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை, இங்கே வந்து மூன்று வருஷம் ஆயா என்றும் இந்தாம்மா என்றும்தான் கூப்பிட்டார்கள், இந்த எட்டு மாதமாகத்தான் மைனா. போனை என் கையில் கொடுத்துவிட்டு என் விரலையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நகைபோட்டவர்கள், டிகிரி படித்தவர்கள்கூட. படித்தவர்களுக்குத் தெரியாதா என்று இப்போது தோன்றுகிறது. தெரிந்துதான் சிரிக்காமல் வாங்கிக்கொண்டார்களோ, அவர்களுக்கும் மணி அடிக்காமல் இருந்தால் போதும் என்று இருந்திருக்கும். ஒருத்தி, பேர் மறந்துவிட்டது, என் புடவையில் பவுடர் வாசம் வருகிறது என்றாள், குழந்தைப் பவுடர், காலையில் தர்ணிகாவுக்குப் போட்டது, எனக்கு முகமெல்லாம் சுட்டது. குழந்தை இருக்குதா மைனா என்றாள். இல்லீங்க என்றேன். சும்மா வந்துவிட்டது. பேஷண்டுங்க முன்னால உன் புள்ளயப் பத்திப் பேச்சே எடுக்காதே என்று விசாலம் மேடம் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார், பேச்சு எடுக்காமல் இருப்பது வேறு, பெத்த பிள்ளையை இல்லை என்பது வேறு. அன்றைக்குச் சாயங்காலம் தர்ணிகாவுக்கு ரெண்டு மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன், எதற்கு என்று அதற்குத் தெரியாது. இத்தனை பேருடைய ஒளிவுமறைவுக்கெல்லாம் நான் துணை, எனக்கென்று ஒளித்து வைக்க ஒன்றுதான் இருந்தது, என் பிள்ளை. இப்போது இரண்டு. இல்லை, நூற்று முப்பத்தெட்டு.

"எதுத்தாப்புல புதுசா ஆஸ்பத்திரி தொறந்தானே, அவன் வேலைதான்" என்றார் விசாலம் மேடம். டாக்டரம்மாவுக்கு அடுத்து இங்கே அவர்தான், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பேசினால் கோபம் என்று அர்த்தம், ஏற்றியிருந்தார். "ஆள் வச்சுப் பண்ணியிருப்பான், சத்தியமா." "இல்லீங்க மேடம். பண்ணுனதெல்லாம் நம்ம பேஷண்டுங்கதான். ஒண்ணு ரெண்டு இல்ல, வந்து போற பொம்பளைங்க பாதிப்பேரு. இவ்வளவு பேருக்கு நம்ம மேல என்ன கோவம்னு எனக்குத்தான் புரியல. டாக்டரம்மா திட்டிட்டாங்களா?" "அவங்க எப்பத் திட்டல." மோசஸ் சார் சிரித்தார், சிரித்துவிட்டுக் கண்ணைக் கசக்கினார், அவருக்கும் தூக்கம் இல்லை, வேறு ஆறு ஏழு கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் பார்க்கிறவர், ஒன்பது நாளாக இங்கேயே கிடக்கிறார். முதல் தடவை, நாங்கள் ஆஸ்பத்திரி, நல்ல காரியம் செய்கிறோம், எடுத்துவிடுங்கள் என்று எழுதினார். ஒரு வரியில் முடியாது என்று வந்தது. இரண்டாவது தடவை, மெஷினில் சின்னக் கோளாறு, சரிசெய்துவிட்டோம் என்று எழுதினார். "என்ன கோளாறுன்னு கேட்டுட்டாங்க மேடம். மனுசன்தான் படிக்கறான் போலிருக்குது, பொய்னு கண்டுபிடிச்சிட்டான். எங்க மாமியா வூட்லகூட என்ன இத்தன தடவ வெளிய நிறுத்துனதில்ல. இதான் மூணாவது. இதுலயும் நெசக் காரணம் இல்லீன்னா முப்பது நாளைக்கு நம்ம மனுவையே தொறக்க மாட்டாங்களாம்." "சொன்னா?" "சரியாச் சொன்னா ஒடனே எடுத்துருவாங்க. போன வருசம் ஒரு சாயப்பட்டறைக்கு அரை மணி நேரத்துல எடுத்தாங்க." விசாலம் மேடம் மேசைமேல் இருந்த ஃபைலைத் திருப்பினார். மேலே சிவப்பு மையில் போன் வேண்டாம் என்று எழுதியிருக்கும் ஃபைல், எனக்கு அந்த அட்டையே தெரியும், முனையில் காபி சிந்தியது நான்தான். "இந்தக் கலைமணிக்கு ரத்தம் பாத்தாச்சு. சாயங்காலம் ஏழு மணிக்கு ஊசி போட்டே ஆகணும்ங்கறாங்க டாக்டரம்மா. ஒரு மணி நேரம் தள்ளுனாலும் இந்த மாசம் போச்சு. ரெண்டு வருசமா வர்ற புள்ள. மூணு மணிக்குள்ள மெயில் போகலீன்னா நான் போன் பண்ணிருவேன்." "யாரு எடுப்பாங்க?" "யார் எடுத்தா என்ன, எனக்கு ஊசிதான் முக்கியம்."

யார் எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டில் எல்லாருக்கும் ஒரே போன்தான், தறி ஓடுகிற இடத்துக்குப் பக்கத்தில் மாடத்தில் இருக்கும், அடித்தால் எழுந்துபோய் எடுப்பது மாமியார், தறிச் சத்தத்தில் காதுக்கு ஒட்டிவைத்துக்கொண்டு யாரு, எங்கிருந்து, என்று சத்தமாகக் கேட்பார்களாம், அக்கா அவர்களைப் போலவே பேசிக் காட்டும். விசாலம் மேடம் ஆஸ்பத்திரிப் பேரைச் சொல்லாமல் பேச மாட்டார், பழக்கம். அந்தம்மா அவ்வளவு கெட்டவர்கள் இல்லை, இரண்டாம் கல்யாணம் என்று ஒரு வார்த்தை மட்டும் ஒரு பொங்கலன்று சொன்னார்களாம், மகனிடம், அடுப்படியில் கேட்கிற மாதிரி. வைத்தியம் இல்லாமல் கருவே தங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்று தெரிந்தால் அந்த வார்த்தை அடுப்படியில் இருந்து கூடத்துக்கு வந்துவிடும். மணி இரண்டேகால். சொல்ல வேண்டியது இவ்வளவுதான், நான்தான் சொல்லிக்கொடுத்தேன், அது புகார் இல்லை. ஏழெட்டு வார்த்தை. மனசுக்குள் நன்றாக வருகிறது, வெளியே மட்டும் வரவில்லை. எனக்கு எப்போதும் அப்படித்தான். பஸ்ஸில் இறங்கணும் என்று கண்டக்டரிடம் சொல்ல முடியாமல் இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கி, இடுப்பில் பிள்ளையோடு வெயிலில் திரும்பி நடந்திருக்கிறேன், யாரிடமும் சொன்னதில்லை, அந்தப் பக்கம் வேலை இருந்தது என்று வீட்டில் சொன்னேன். பிள்ளை பெற்றபோதும், பெரியாஸ்பத்திரி வராண்டாவில், பக்கத்தில் எல்லாரும் கத்துகிறார்கள், நான் பல்லைக் கடித்துக்கொண்டு பெஞ்சு விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன், கத்தாதவளுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று நர்சு போய்விட்டார், தலை தெரிந்தபிறகுதான் ஓடிவந்தார்கள், சத்தம் போட்டாத்தானடி எங்களுக்குத் தெரியும், வாய் என்ன வாடகைக்கா விட்டிருக்கே என்று திட்டினார்கள், திட்டுக்கு நடுவில் தர்ணிகா பிறந்தாள், அவளும் அழவில்லை, குண்டியில் அடித்து அழவைத்தார்கள். சொன்னால் என்ன ஆகும். வேலை போகும். படிக்காதவள் கையில் போனைக் கொடுத்தது யார் என்று டாக்டரம்மா மாடியில் இருந்து இறங்கிவந்து கேட்பார். இந்த வேலையில் நிழல் இருக்கிறது, உட்கார்ந்தால் யாரும் கேட்பதில்லை, மூன்று மணிக்கு ஓடிப்போய் பிள்ளையைக் கூட்ட விடுகிறார்கள், இதை விட்டால் சாயப்பட்டறைதான், அங்கே மூன்று மணிக்கு யார் விடுவார்கள். அதுகூடப் பரவாயில்லை. எனக்குத் தெரிந்த ஒரே கம்ப்யூட்டர் வேலை, அதுவும் தப்பு. இத்தனை பேர் என் விரலைப் பார்த்தார்களே, அந்த விரல் ஒவ்வொரு தடவையும் இந்த ஆஸ்பத்திரி மேல் புகார் கொடுத்திருக்கிறது, எனக்குச் சோறு போடுகிற இடத்தின்மேல், அறுபது எழுபது தடவை, மீதி என்னைப் பார்த்துப் படித்த விரல்கள். சொல்லாவிட்டால்? அடுத்த மாதம் வேறு எதையாவது கண்டுபிடிப்பார்கள், எல்லாம் சரியாகும், எனக்கு ஒன்றும் ஆகாது. அக்காவுக்கு மட்டும். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன், மொசைக்கில் ஒரு கருப்புப் புள்ளி, அழுக்கு என்று மூன்று வருஷமாகத் தேய்க்கிறேன், அது கல்லிலேயே இருக்கிறது, தெரிந்தும் தேய்க்கிறேன்.

"மேடம்" என்றேன். ஃபேன் சத்தத்தில் கேட்கவில்லை. "மேடம்." விசாலம் மேடம் திரும்பினார். "என்ன?" "பினாயில் தீந்து போச்சுங்க." "அதுக்கு இப்பவா. ஸ்டோர்ல எடுத்துக்கோ." சரிங்க என்றேன். ஸ்டோரில் போய் நின்றேன். இருட்டாக, சில்லென்று, பஞ்சு மூட்டை வாசம். பினாயில் பாட்டில் ஏழு இருந்தது, எண்ணினேன். என் கையில் இருந்த பாட்டிலிலும் பாதிக்குமேல் இருந்தது, அதையும் அவர் பார்த்திருப்பார், எனக்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைத்திருப்பார். மணி இரண்டரைக்கு மேல் ஆகிவிட்டது, வெளியே மோசஸ் சார் தட்டுகிற சத்தம் கேட்டது, நாலு தட்டு, நிறுத்தம், நாலு தட்டு, அழிப்பு. "பாஸ்வேர்டத் திருடி யாரோ உள்ள பூந்துட்டாங்கன்னு போட்டுரட்டுங்களா?" என்று கேட்டார். "போடுங்க, எதையாவது போட்டு அனுப்புங்க, மணியப் பாருங்க." அனுப்பிவிட்டால் முடிந்தது, முப்பது நாள். கால்தான் முதலில் வெளியே வந்தது, அப்புறம் நான் வந்தேன், மேசைவரைக்கும் வந்துவிட்டேன், மேசைக்கு இந்தப் பக்கம் நான் நின்றதே இல்லை. "அது புகார் இல்லீங்க சார்." "எதும்மா?" "நூத்தி முப்பத்தேழும்." இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள், நான் விசைப்பலகையைப் பார்த்துச் சொன்னேன், மணி அடிப்பது, நாத்தனார் வாசித்தது, மூன்று புள்ளி, ரிப்போர்ட் உறை, பெட்டி, குழாய் பக்கம் வந்து கேட்டது, எல்லாம் முன்பின்னாக, நிறுத்தினால் திரும்ப வராது என்று நிறுத்தாமல் சொன்னேன். "லேப் ரிப்போர்ட்டுன்னு நெனச்சு" என்றார் மோசஸ் சார். ஆமாங்க. "ரிப்போர்ட் வைக்கற பெட்டின்னு." ஆமாங்க. அவர் சத்தமில்லாமல் குலுங்க ஆரம்பித்தார், நாற்காலி கிரீச் கிரீச் என்றது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "சிரிக்காதீங்க" என்றார் விசாலம் மேடம், "ஒம்போது நாளா நான் எதுத்த ஆஸ்பத்திரிக்காரனுக்குச் சாபம் விட்டிட்டிருக்கேன், அந்தாளு நேத்து வண்டில இருந்து விழுந்துட்டான்." அப்புறம் என்னைப் பார்த்தார். "உன்ன நாளைக்குப் பேசிக்கறேன்." அது போதும், அதற்குத் தயாராகத்தான் வந்தேன்.

"காரணம் கெடச்சுது" என்று மோசஸ் சார் தட்ட ஆரம்பித்தார், என்னைத் திரும்பச் சொல்லச் சொன்னார், மெதுவாக, நான் ஒரு வரி சொல்ல அவர் ஒரு வரி தட்டினார், என் பேச்சு எனக்குத் தெரியாத எழுத்தாகப் போய்க்கொண்டிருந்தது. "இனி ரெண்டாவது கேள்வி. சரி பண்ண என்ன செஞ்சீங்க. எல்லாரையும் அந்தப் பெட்டில இருந்து வெளிய எடுத்துப் போடச் சொல்லணும்." "அப்ப மணி அடிக்குமுங்களா?" "அடிக்கும்." "மேல பேர் வருமுங்களா?" "வரும்." "அந்தப் பேர எடுத்துருங்க சார்." விசாலம் மேடம் கண்ணாடியை இறக்கினார். "பேர் முழுசா இருந்தாத்தாண்டி மதிப்பு." எனக்கு இனி என்ன இருக்கிறது, நாளைக்குப் பேசிக்கொள்ளப் போகிறார்கள். "அந்தப் பேருக்குப் பயந்துதானுங்க மேடம் எல்லாரும் அமுக்குனாங்க. கோவம் ஒண்ணுமில்லீங்க." தலைக்குமேல் ஃபேன் கட்டையில் ஏதோ உரசுகிற சத்தம், அது எத்தனை நாளாக உரசுகிறதோ, இப்போதுதான் கேட்கிறது. "எடுக்கலாம்" என்றார் மோசஸ் சார், "ஆனா அந்த எடத்துல ஏதாச்சும் ஒரு பேர் இருக்கணும். ஜவுளிக்கடை கிவுளிக்கடைன்னு பொய்யாப் போட்டா மறுபடி மாட்டுவோம். இங்க நெசமா வேல பாக்கற ஆளா இருக்கணும்." டாக்டரம்மா பேர் சுவரெல்லாம் எழுதியிருக்கிறது. விசாலம் மேடம் பேர் போட்டால் சொந்தக்காரர்கள் பாதிப்பேர் இந்த ஊரில். "என் பேரு ஒருத்தருக்கும் தெரியாதுங்க" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, கணக்குக்குப் பதில் சொல்கிற மாதிரி வந்துவிட்டது. "வர்றவங்களுக்கு மட்டுந்தான் தெரியும். வீட்ல யாராச்சும் பாத்தாலும் மைனான்னா கூடப் படிச்ச புள்ளன்னு சொல்லிக்கலாமுங்க." விசாலம் மேடம் மாடிக்குப் போன் போட்டுப் பேசினார், திரும்பி நின்றுகொண்டு பேசியதால் ஒன்றும் கேட்கவில்லை, சரிங்க டாக்டர், சரிங்க டாக்டர், தேதியும் நேரமும் மட்டுந்தானுங்க, என்று கடைசியில் கேட்டது. மோசஸ் சார் என் பேரைத் தட்டினார். எம் ஒய் என் ஏ என்று போட்டு அழித்தார், எம் ஏ ஐ என் ஏ என்று போட்டார். இரண்டு ஐம்பத்தொன்றுக்கு அனுப்பினார்.

மூன்று மணிக்கு விசாலம் மேடம் போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் போக வேண்டும், அங்கன்வாடியில் டீச்சர் கதவைச் சாத்திவிட்டு வாசலில் பிள்ளையை உட்கார்த்தி வைத்துக்கொண்டு முனகுவார், போக முடியவில்லை, போ என்றும் யாரும் சொல்லவில்லை. மூன்று ஐந்து. "இனி முடியாது" என்று மேடம் நம்பரைப் போட ஆரம்பித்தார், "அஞ்சு நிமிசமுங்க மேடம்" என்றேன், அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், விரலை எடுத்துவிட்டார். எனக்குச் சொல்ல வேறு வார்த்தை இருந்ததா என்று தெரியவில்லை, களைப்பாக இருந்தது, சுவரில் சாய்ந்துகொண்டால் நின்றுகொண்டே தூங்கிவிடுவேன் போல, பேசினால் இவ்வளவு களைக்கும் என்று யாரும் சொன்னதில்லை, நாற்பது உறைக்கு மாடி ஏறினாலும் இப்படி இல்லை. மூன்று பத்துக்கு மோசஸ் சார் முன்னால் குனிந்தார். ஒரு தடவை படித்தார், இன்னொரு தடவை படித்தார், விரலால் திரையைத் தொட்டுப் படித்தார். "எடுத்துட்டாங்க" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை, அவரும் களைத்துப் போயிருந்தார். ஒன்பது நாளாகத் தேங்கிக் கிடந்ததெல்லாம் திரையில் ஒவ்வொரு வரியாக நகர்ந்து காணாமல் போயிற்று, முதலில் சித்தோடு, ஏழு மணி. அவ்வளவுதான். கிணிங் இல்லை, ஒன்றும் இல்லை. அக்காவுக்கு அது இன்னும் அந்தப் பெட்டிக்குள்தான் போகும், மூன்று மணியில் இருந்து அரைமணிக்கு ஒரு தடவை போய்ப் பார்க்கிறேன் என்று நேற்று சொல்லிவிட்டுப் போயிற்று, போய்ப் பார்க்க வேண்டும், மாமியார் நூல் சுற்றப் போயிருக்க வேண்டும், நாத்தனார் போனைக் கீழே வைத்திருக்க வேண்டும். மேடம் போனை மேசைமேல் வைக்கவில்லை. தட்டில் இருந்த காபியைக் குடிக்கவில்லை. மூன்று இருபத்தைந்து ஆனது, தர்ணிகா அழமாட்டாள், அதுதான் பயம், கேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"இதென்ன புதுசா" என்றார் மோசஸ் சார். "இது மெஷின் மெயிலு, இதுக்கு யாரும் பதில் போட மாட்டாங்களே." திரையைத் திருப்பினார். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ், எழுத்துக்கூட்டினேன், ஒவ்வொன்றாக வந்தது. பாத்துட்டேன் மைனா. நூல் வாங்கறோம்னு அஞ்சரைக்குக் கெளம்பறோம். ஊசி போடறப்ப நீ பக்கத்துல இருப்பியா. விசாலம் மேடம் போனை வைத்தார், ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தார், முகத்தைச் சுளித்தார். அதற்குள் அதன்கீழ் இன்னொன்று வந்துவிட்டது, மைனா எனக்கு எத்தனாந் தேதி, திரும்ப ஒன்று, மாத்திரை வெறும் வயித்திலயா மைனா, இன்னொன்று வெறுமனே மைனா நீயா. "நல்லா இருக்குது" என்றார் மேடம், "நூத்தி முப்பத்தேழு பேரும் எழுதப் போறாங்க, யாரு உக்காந்து பதில் போடறது?" மோசஸ் சார் என்னைப் பார்த்துவிட்டு எழுந்து நாற்காலியைப் பின்னால் தள்ளினார். எனக்கு வேலை போகவில்லை என்று அப்போது புரிந்தது, கூடிவிட்டது என்றும் புரிந்தது, சந்தோஷம் என்று ஒன்றும் வரவில்லை, சாயங்காலம் ஏழு மணிக்கு நான் இங்கே இருந்தால் பிள்ளையை யார் பார்ப்பது, பக்கத்து வீட்டில் ஆறு மணிக்குமேல் வைத்துக்கொள்ள மாட்டார்கள், வீட்டுக்காரருக்கு மெஸ்ஸில் அதுதான் கூட்ட நேரம். "புள்ளயக் கூட்டிட்டு வரணுமுங்க மேடம்" என்றேன். "போ. இங்கயே கூட்டிட்டு வா. எவ என்ன சொல்றான்னு பாக்கறேன்." போகத் திரும்பினேன், திரும்பி நின்றேன். இருப்பியா என்று கேட்டுவிட்டுத் தறிக்குப் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கும், யாராவது வருவதற்குள் பதில் வர வேண்டும். நாற்காலியில் உட்காரவில்லை. கை ஈரமாக இருந்தது, முந்தானையில் துடைத்துக்கொண்டு, குனிந்து, ஒற்றை விரலால் இருப்பேனுக்கு ஐ எங்கே இருக்கிறது என்று தேடினேன்.